ஆயாவின் ஈர்க்குச்சி

வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. மறுபடி எழுத்து தெளிவாகத் தெரிந்தால், ஸ்தோத்திரக் காணிக்கையோடு வேலூர் கோட்டைக்குள் இருக்கிற தூய யோவான் ஆலயத்துக்கு வருகிறேன் என்று ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணியிருந்தேன். புதுக் கண்ணாடியும் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை காட்பாடியிலிருந்து பேத்தியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அகழியைத் தாண்டி உள்ளே போனதும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் பூவும் தேங்காயுமாக ஒரு பக்கம் பிரிந்தார்கள். நாங்கள் ஆலயத்தைப் பார்த்து நடந்தோம். 1846இல் கட்டியது. எத்தனை பேர் இதற்குள் முழங்கால் போட்டு எழுந்திருப்பார்களோ!

என் பையில் ஆயாவின் பைபிள் இருந்தது. ஆயா என்றால் என் அம்மாவைப் பெற்றவள். ராணிப்பேட்டைப் பக்கம் கிராமம். நாற்பது வயதுக்கு மேல்தான், சபையில் நடந்த இராப்பள்ளியில் 'அ' எழுதினாள். நான் ஒன்றாம் வகுப்பு. நடவுக்குப் போய்விட்டு வந்து, கஞ்சி குடித்து, அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். கையில் துடைப்பத்திலிருந்து உருவிய ஒரு ஈர்க்குச்சி. அதுதான் எழுத்தைத் தொடும், விரல் தொடாது. சேறு பட்ட விரல், வேதப் புத்தகத்தில் படக்கூடாது என்பாள்.

யோவான் முதலாம் அதிகாரம். 'ஆதியிலே' வரைக்கும் சரளமாக வந்துவிடுவாள். அடுத்த சொல்லில் குச்சி நிற்கும். வா... ர்... த்... புள்ளி வைத்த எழுத்து இரண்டு அடுத்தடுத்து வந்தால் அவளுக்கு மூச்சு முட்டும். நான் சொல்லிக்கொடுக்க வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்துவாள். கொஞ்ச நேரம் கழித்து, "தை" என்று தலைச்சுமையை இறக்குவதுபோல இறக்குவாள். "வார்த்தை!" என்று திருப்பிச் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் வாசிக்கக் கற்றது பள்ளிக்கூடத்தில் என்றாலும், வாசிப்பு எவ்வளவு பெரிய ஈவு என்று கற்றது அந்த விளக்கடியில்தான்.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயரும் நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில்தான் தமிழ் எழுத்துப் பழகினார். அவர் பழகியதால் 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிக் கைக்கு வந்தது. ஆயாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவும் வரும்.

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தபின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். பேத்திக்கு ஸ்கடர் ஐயா கதையைச் சொன்னேன். நியூயார்க்கில் டாக்டராக இருந்த ஜான் ஸ்கடர், நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டில் சுவிசேஷப் பணியைப் பற்றிய சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்து வாசித்தார். அதோடு வேலையை விட்டு, 1819இல் குடும்பத்தோடு இலங்கைக்குக் கப்பலேறினார்; பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள்தான் 1853இல் ஆற்காடு மிஷனை ஆரம்பித்தது. ஸ்கடர் ஐயாவின் பேத்தி ஐடா அம்மா 1900இல் டாக்டராக வேலூருக்கு வந்தார். அவர் 1902இல் திறந்த ஷெல் ஆஸ்பத்திரிதான் இன்றைக்குக் கண் ஆஸ்பத்திரியாக இருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டில் கிடந்த புத்தகம், அதைக் கையில் எடுத்த ஒரு மனுஷன்! வேலூரில் எத்தனை உயிர் பிழைத்திருக்கிறது, ஆண்டவரே.

முழங்கால் போட்டேன். கண்ணுக்காக மட்டும் நன்றி சொல்ல வாய் வரவில்லை. இராப்பள்ளி வாத்தியாருக்காக, அந்த அரிக்கேன் விளக்குக்காக, இத்தனை வருஷம் துக்கத்திலும் தூக்கம் வராத ராத்திரியிலும் கூடவே இருந்த ஒவ்வொரு புத்தகத்துக்காகவும் சொன்னேன். அழுதேன். கண்ணைத் தேய்க்கக் கூடாதென்று பேத்திதான் கர்ச்சீப்பால் ஒற்றி எடுத்தாள்.

அப்புறம் அவளே பைபிளை வாங்கி யோவானைத் திறந்தாள். வாசிக்கத் தொடங்கியவள் முதல் வரியிலேயே நின்று, தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"ஆயா, இங்க ஏன் குத்தின மாதிரி சின்னச் சின்ன ஓட்டையா இருக்கு?"

"எங்க ஆயா குச்சியை ஊன்றி நின்ன இடம்மா அது" என்றேன்.