மாவுத் தொழிலில் ரிட்டர்ன்தான் முதல் கணக்கு

இட்லி மாவுத் தொழில் தொடங்கப் போகிறோம் என்றதும் தெரிந்தவர்கள் பலரும் கேட்டது, "ஃபண்டிங் யார் தர்றாங்க?" என்றுதான். சென்னையில் ஸ்டார்ட்அப் என்றாலே ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஞாபகம் வருகிறது. 2010-இல் இங்கே தொடங்கி, முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்து, 2021-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலான மென்பொருள் நிறுவனம். ஆனால் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஸோஹோவும் இதே ஊரில்தான் வெளி முதலீடு வாங்காமல் வளர்ந்தது. அக்காவுக்கும் எனக்கும் இந்த இரண்டாவது வழிதான் பொருந்தியது. நாளைக்குப் புளித்துவிடும் சரக்கை விற்பவர்களுக்கு இன்று விற்ற காசு உடனே கைக்கு வந்தாக வேண்டும்.

காகித வேலை பயந்த அளவுக்கு இல்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவு இணையத்திலேயே முடிந்தது. நாங்கள் தொடங்கியபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை அடிப்படைப் பதிவு போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நீங்களே போட்டுவிடலாம், ஏஜென்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். வீட்டு மின் இணைப்பில் கிரைண்டர் ஓட்டித் தொழில் செய்யவும் கூடாது. குறுந்தொழிலுக்கென்று தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது, அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உண்மையான பாடம் வேளச்சேரியில் ஒரு அண்ணாச்சி கடையில் கிடைத்தது. தினம் பத்து பாக்கெட் போடட்டுமா என்று கேட்டேன். "பத்து வேண்டாம் தம்பி, ஆறு போடுங்க. தீர்ந்துபோச்சுன்னா நானே கேட்டு வாங்குவேன்" என்றார். அன்று இரவு அக்கா நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு பாக்கெட்டின் அடக்க விலை 30 ரூபாய், கடைக்கு 38 ரூபாய் என்று வையுங்கள். நூறும் விற்றால் லாபம் 800. பத்து விற்காமல் திரும்பி வந்தால் (அதுதான் ரிட்டர்ன்) வரவு 3,420, செலவு அதே 3,000, லாபம் 420. பத்தில் ஒன்று ரிட்டர்ன் ஆனாலே லாபத்தில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது! அதன் பிறகு கடைவாரியாக ரிட்டர்னை எழுதி, மறுநாள் அரைக்கும் அளவை அதை வைத்தே முடிவு செய்தோம்.

ரிட்டர்னுக்குப் பெரிய காரணம் வெயில். மே மாதத்தில் மாவு வேகமாகப் புளிக்கும், அதில் உண்டாகும் வாயுவால் பாக்கெட் தலையணை மாதிரி உப்பிவிடும். மாவு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வாங்க வருபவர் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பார், அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவார். ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்தோம், கல் சூடேறி மாவு சூடாவது குறைந்தது. அரைத்த கையோடு பாக்கெட் போட்டு, புளிக்கும் முன்பே விடியற்காலையில் கடைக்குச் சேர்த்தோம். வீட்டில் வைத்துப் புளிக்க வையுங்கள் என்று பாக்கெட்டிலேயே அச்சடித்தோம். அப்புறம் உப்பிய பாக்கெட் என்ற புகார் வெகுவாகக் குறைந்தது.

பல கிளைகள் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட் எங்கள் மாவை எடுத்துக்கொண்டபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஆர்டர் பெரிதாகப் பெரிதாக அவர்கள் தர வேண்டிய நிலுவையும் ஏறியது. அண்ணாச்சி அன்றன்றே தருகிற காசில்தான் உளுந்து வாங்கினோம். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இது. ஏப்ரல் 2024 முதல் வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது. கெடு தாண்டிய தொகையை, பணம் கொடுக்கும் ஆண்டில்தான் சரக்கு வாங்கியவர்கள் செலவாகக் காட்ட முடியும். பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்து, இந்த விதியையும் குறிப்பிட்டுக் கணக்குப் பிரிவுக்குக் கடிதம் அனுப்பினோம். நிலுவை வந்து சேர்ந்தது. சின்னத் தொழில் செய்பவர்கள் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய சட்டம் இது.

குளிர் அறைக்காகக் குறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் விண்ணப்பித்தோம். திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். மீதிக்கு வங்கிக் கடனும் நம் பங்கும். வங்கி மேலாளர் எங்கள் திட்ட அறிக்கையைப் புரட்டிவிட்டு, கணக்கு ஸ்டேட்மென்டைத்தான் நிதானமாகப் படித்தார். கடைகளிலிருந்து தினமும் வந்த 228 ரூபாய், 380 ரூபாய் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. கடன் கேட்கும் எண்ணம் இருந்தால் முதல் நாளே தொழிலுக்குத் தனி நடப்புக் கணக்கு தொடங்கிவிடுங்கள். ரொக்கமாக வருவதையும் அன்றன்றே அதில் கட்டுங்கள்.