தியத்தலாவையில் ஓடப்போகிறவர்களுக்கு

தியத்தலாவை இராணுவ முகாம் மைதானத்திலிருந்து புறப்படும் மலைப்பாதை அல்ட்ரா மரதனுக்கு எங்கள் வெள்ளவத்தை ஓட்டக் குழுவில் சிலர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். 50 கிலோமீற்றர். மரதனின் 42.195 கிலோமீற்றரைத் தாண்டினாலே அல்ட்ராதான் என்றாலும், காலி வீதியில் ஓடும் ஐம்பது வேறு, மலையில் ஓடும் ஐம்பது வேறு. சப்பாத்து, தண்ணீர்ப் பை, உப்பு மாத்திரை என்று பிள்ளைகள் நாள் முழுவதும் பேசுகிறார்கள். ஓடப்போகும் மண்ணைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்டால், “அது இராணுவ முகாம்தானே அங்கிள், அதில் என்ன சரித்திரம்?” என்கிறார் ஒருவர். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் நில அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். திணைக்களத்தின் பயிற்சி நிலையம் தியத்தலாவையில்தான் இருக்கிறது. இளவயதில் தியோடலைட் என்ற அளவைக் கருவியைச் சுமந்துகொண்டு பத்தனை எனப்படும் அந்த மலைப் புல்வெளிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். மானாப்புல் இடுப்பளவு நிற்கும். அதன் விளிம்பு முழங்கைக்குக் கீழே மெல்லிய கோடுகளாகக் கீறிவிடும். அப்போது தெரியாது, மாலையில் குளிக்கும்போது எரியும். காற்சட்டை அணிந்து ஓடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வறண்ட மாதங்களில் புல் காய்ந்து தீப்பிடிக்கும். எரிந்த சரிவில் சாம்பலுக்கு அடியில் கிடக்கும் சரளைக்கல் காலை வாரிவிடும். மேலே இருந்து பார்த்தால் வழுவழுப்பாகத் தெரியும் அந்த மேடுகளில் சரிவு எவ்வளவு செங்குத்து, வரைபடத்தில் உயரக்கோடுகள் எவ்வளவு நெருக்கமாக விழும் என்பது படம் வரைந்தவனுக்குத் தெரியும்.

அந்த இடத்தில் முகாம் வந்ததற்கும் அந்த நிலத்தின் அமைப்புத்தான் காரணம். 1,300 மீற்றரை ஒட்டிய உயரம், குளிர்ச்சியான காற்று, மரமில்லாத வெட்டவெளி. காவற்காரனின் கண்ணுக்குத் தப்பி ஒருவரும் ஒளிய முடியாது. மலையக ரயில் பாதை 1894இல் பண்டாரவளை வரை எட்டிவிட்டதால் கொழும்புத் துறைமுகத்தில் இறக்கப்படும் ஆட்களை நேரே அங்கு கொண்டுபோகலாம். 1900இல் ஆங்கிலேயர் அதைத்தான் செய்தார்கள். தென்னாபிரிக்காவில் தங்களுடன் நடந்த போரில் பிடிபட்ட போயர்களை, அதாவது அங்கு குடியேறிய ஒல்லாந்தரின் வழிவந்தவர்களை, அவ்வாண்டு ஆகஸ்டு முதல் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். இலங்கைக்கு வந்த ஏறத்தாழ ஐயாயிரம் பேரில் பெரும்பகுதியினர் தியத்தலாவையில், முட்கம்பிக்குள், தகரக் கொட்டகைகளில் அடைக்கப்பட்டார்கள்.

அவர்கள் கமக்காரர்கள். ஆயிரக்கணக்கான ஏக்கரில் குதிரை ஓட்டிப் பழகியவர்களை ஒரு சின்னப் பள்ளத்தாக்குக்குள் வைத்தால் என்ன செய்வார்கள்? மரத்தில் பெட்டி செதுக்கினார்கள், முகாமுக்குள்ளேயே செய்தித்தாள் நடத்தினார்கள், விளையாடினார்கள். 1901 ஜூலையில் அவர்களுடைய கிரிக்கெட் அணி ஒன்று கொழும்புக்கு வந்து கோல்ட்ஸ் கழகத்துடன் மோதியது. ஆட்டம் நடந்தது அன்றைய விக்டோரியா பூங்காப் பகுதியில். நம்மில் பலர் விடியற்காலையில் சுற்றி ஓடுகிறோமே, அந்த விகாரமகாதேவிப் பூங்காதான்.

கொழும்புக்காரர் அறிய வேண்டிய இன்னொரு கதையும் உண்டு. 1901 ஜனவரியில் ‘கட்டலோனியா’ என்ற கைதிக் கப்பல் நம் துறைமுகத்தில் நின்றது. வில்லி ஸ்டெய்ன் என்பவரும் வேறு நால்வரும் இரவில் கடலில் குதித்து நீந்தி, அங்கே நின்ற ‘கெர்சோன்’ என்ற ரஷ்யக் கப்பலில் ஏறிக்கொண்டார்கள். ரஷ்யா, ஜெர்மனி, ஒல்லாந்து என்று சுற்றி, ஜெர்மனியர் வசமிருந்த தென்மேற்கு ஆபிரிக்கா வழியாகத் திரும்பிப் போய் மறுபடியும் போரில் சேர்ந்தார்கள். தாக்குப்பிடிக்கும் திறனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த ஐவரின் ஞாபகம்தான் வரும்.

எல்லோரும் திரும்பவில்லை. முகாமில் குடற்காய்ச்சல் பரவியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே அடக்கமானார்கள். தியத்தலாவையில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1902 மே 31இல் சமாதானம் கைச்சாத்தான பிறகு, மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்தவர்களை ஊருக்கு அனுப்பினார்கள். எங்கல்பிரெக்ட் என்பவர் மறுத்துவிட்டார். ஊர் வேண்டுமா, சத்தியம் வேண்டுமா என்று கேட்டபோது ஊரை விட்டுக்கொடுத்த மனிதர். பின்னர் அவரே யாலையின் முதல் வனக் காப்பாளரானார். முதல் உலகப் போரில் ‘எம்டன்’ என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற சந்தேகத்தில் சிறையும் இருந்தார். 1922இல் அம்பாந்தோட்டையில் காலமானார்.

போயர்கள் போன பிறகும் முட்கம்பிக்கு வேலை ஓயவில்லை. 1914இல் இலங்கையிலிருந்த ஜெர்மனியரை அங்கு அடைத்தார்கள். தொடந்துவையில் தீவாசிரமம் நிறுவிய ஞானதிலோக தேரரும் அவருடைய ஜெர்மானியச் சீடர்களும் அதில் அடக்கம். காவியுடையில் இருந்த துறவிகள், பிறந்த நாட்டின் பெயரால் எதிரிகளானார்கள். 1915இல் அவர்களை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். 1939இல் போர் மூண்டதும் அதே தேரரை அதே தியத்தலாவைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து பின்னர் இந்தியாவின் டெஹ்ராடூனுக்கு மாற்றினார்கள்.

மலைச்சரிவில் வெள்ளைக் கற்களால் பதிக்கப்பட்ட நரி உருவத்தைப் பார்ப்பீர்கள். ‘ஃபொக்ஸ்’, அதாவது நரி, என்ற பெயர்கொண்ட பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் விட்டுப்போனது. 1949இல் இலங்கை இராணுவம் உருவானதும் இந்த இடம் அதன் பயிற்சிக் களமாயிற்று. இன்று அதிகாரிகளைப் பயிற்றும் இராணுவக் கல்லூரி அங்கேயே இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஃபொக்ஸ் ஹில் மோட்டார் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகி ஏழு உயிர்களைப் பலிகொண்டதும் இந்த மேடுகளில்தான்.

இராணுவ முகாம் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவரில் பலருக்கு நெஞ்சு இறுகும். எங்கள் குழுவிலும் அந்த வாசலைக் கடக்க மனம் ஒப்பாமல் பெயர் கொடுக்காதவர் இருக்கிறார். அவரை நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தக் கூடாது என்றே நினைக்கிறேன். போகிறவர்கள் அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. முட்கம்பிக்குள் இருந்தவர்களுக்கு எட்டாமல், கண்ணுக்கு மட்டும் தெரிந்த அதே மேடுகளில்தான் நீங்கள் காலால் ஓடப்போகிறீர்கள்.

ஏற்பாட்டாளர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஓடுகிறவர்களுக்குக் கொடுக்கும் பாதைப் படத்தில் தண்ணீர் நிலையங்களைக் குறிப்பதுபோல போயர் நினைவுச்சின்னத்தையும் பழைய முகாம் இருந்த இடத்தையும் குறிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வரைபடம் வரையும் வேலையை நானே பணம் வாங்காமல் செய்துதருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். பதில் வரும்வரை கையால் வரைந்த பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை நீண்ட ஓட்டம் முடிந்ததும் காலி முகத்திடலில் விரித்துக் காட்டுகிறேன். பெயர் கொடுத்தவர்கள் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் வரலாம்.