நியூயார்க்கில் ஒரே ஒரு மியூசியம்தான் என்றால்

போன அக்டோபரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நியூயார்க் பக்கத்தில், நியூஜெர்சி எடிசனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சுற்றிப் பார்க்க எனக்குக் கிடைத்தது மூன்றே நாள். அதில் ஒரு நாள் சுதந்திர தேவி சிலை, அது அம்மா போட்ட கண்டிஷன், பேச்சுக்கே இடமில்லை. மீதி இரண்டு நாளில் மோமா என்கிற நவீன கலை மியூசியம், குகன்ஹைம், விட்னி என்று மூன்று ஓவிய மியூசியங்களையும் பார்த்துவிட வேண்டும் என்று ஊரிலேயே அட்டவணை எல்லாம் போட்டு வைத்திருந்தேன். மாமாதான் முதல் நாள் ராத்திரி அதைப் பார்த்துவிட்டு, "ஆளுக்கு முப்பது முப்பது டாலர்னு மூணு இடத்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு கூட்டிப் பாத்தியா?" என்று கேட்டார். கூட்டிப் பார்த்தேன். 65 தாண்டியவர்களுக்குக் கொஞ்சம் குறைவு என்றாலும் அது ஒரு நல்ல பட்டுப்புடவைக் காசு.

காசை விடுங்கள், காலை நினைத்துப் பாருங்கள். கோயில் பிராகாரத்தை மூன்று சுற்று சுற்றுகிற அம்மாவே மியூசியத்தில் ஒன்றரை மணி நேரத்தில் உட்கார இடம் தேட ஆரம்பித்துவிடுவார். நின்று நின்று பார்ப்பது நடப்பதைவிடக் கஷ்டம். அதனால் ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் கிடையாது என்று முடிவு செய்தேன். அப்புறம்தான் எது என்ற கேள்வி.

எல்லோரும் சொல்வது மோமாதான். 1929-இல் தொடங்கியது, நவீன ஓவியம் என்றால் பாடப் புத்தகத்தில் எதைப் பார்த்தோமோ அதெல்லாம் அங்கேதான் தொங்குகிறது. வான்கோவின் நட்சத்திர இரவு, பிக்காசோவின் அவிஞ்ஞோன் பெண்கள், டாலியின் உருகும் கடிகாரங்கள், வார்ஹோலின் 32 சூப் டப்பாக்கள். முதல் தடவை போகிறவர் மோமாவை விட்டுவிட்டு வேறு எங்காவது போனால் ஊருக்குத் திரும்பியபிறகு உறுத்தும், அதனால் நானும் அதையே சொல்வேன். ஆனால் முழுவதையும் பார்க்கப் போகாதீர்கள். திறந்த உடனே நேராக ஐந்தாம் மாடிக்குப் போய்விடுங்கள், மற்றதெல்லாம் போனஸ். வான்கோ முன்னால் காலையிலேயே திருப்பதி தர்ம தரிசனம் மாதிரிதான், கை தூக்கிய போன்களுக்கு நடுவில் கொஞ்சம் நீலம் தெரிந்தது. டாலி அதற்கு நேர் எதிர். அவ்வளவு பேசுகிறார்களே, ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு இருக்கும் என்று நினைத்துத் தேடிப் போனால் 24-க்கு 33 சென்டிமீட்டர், பொங்கல் வாழ்த்து அட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. அம்மா அதைப் பார்த்தபடியே தாண்டிப் போய்விட்டார், நான் கூப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

அம்மா நின்ற இடம், சரியாகச் சொன்னால் உட்கார்ந்த இடம், மோனேயின் அல்லிக்குளம். மூன்று பெரிய கான்வாஸ்கள் சேர்ந்து கிட்டத்தட்ட 42 அடி நீளம். கரை தெரியாது, வானம் தண்ணீருக்குள் கிடக்கும். முன்னால் பெஞ்ச் இருக்கிறது. இந்த மியூசியத்தில் முதலில் இருந்தது இதே வரிசையில் வேறொரு பெரிய அல்லிக்குளம், 1958-இல் நடந்த தீ விபத்தில் அது எரிந்துபோனது, அதற்குப் பிறகுதான் இந்த மூன்றையும் வாங்கினார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "குளம் எரிஞ்சுபோச்சா" என்று ஒரு மாதிரி சிரித்துவிட்டு அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. அந்த அரை மணி நேரத்தில் நான் தனியாகப் போய் பிக்காசோவைப் பார்த்துவிட்டு வந்தேன். பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய டிப்ஸ் என்னிடம் இல்லை.

குகன்ஹைம் விஷயம் வேறு. அங்கே பார்க்க வேண்டியது கட்டடம். பிராங்க் லாய்டு ரைட் என்ற கட்டடக்கலைஞர் கட்டியது, 1959 அக்டோபரில் திறந்தார்கள், அவர் ஆறு மாதம் முன்னாலேயே இறந்துவிட்டார். சங்குக்குள் நடப்பது மாதிரி ஒரே சாய்தளம் சுற்றிச் சுற்றி மேலே போகிறது. லிஃப்ட்டில் உச்சிக்குப் போய் நடந்து இறங்கி வர வேண்டும் என்பதுதான் ரைட் நினைத்தது, முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுவே நல்லதும்கூட. படத்தில் பார்க்கிறபோது மால் கார் பார்க்கிங் மாதிரி இருக்கிறது என்று மாமா கிண்டல் செய்தார். கிண்டலிலும் கொஞ்சம் உண்மை உண்டு, 1920-களில் மேரிலாந்தில் ஒரு மலை உச்சிக்குக் காரிலேயே சுற்றி ஏறுகிற ஒரு சுருள் கட்டடத்தை ரைட் வரைந்து வைத்திருந்தார், அது கட்டப்படவில்லை. சுவர் சாய்ந்திருக்கிறது, தரை சரிகிறது, இதில் எங்கள் படத்தை எப்படி மாட்டுவது என்று திறப்பதற்கு முன்பே 21 ஓவியர்கள் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள்.

இவ்வளவு ஆசையாக எழுதிவிட்டு நாங்கள் அங்கே போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரணம் இருக்கிறது. அந்தச் சுருளில் எப்போதும் இன்னதுதான் இருக்கும் என்று கிடையாது, நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். 2014-இல் நம் நாட்டு ஓவியர் வாசுதேவ் கைதொண்டேயின் படங்களுக்கென்றே இங்கே பெரிய கண்காட்சி நடத்தினார்கள், அந்த மாதிரி ஒன்று என்றால் கடன் வாங்கியாவது போயிருப்பேன். நாங்கள் இருந்த வாரம் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு ஒட்டாத விஷயம். மியூசியத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: அங்கே எப்போதும் இருப்பது என்ன, இந்த வாரம் மட்டும் இருப்பது என்ன? மோமாவுக்கு முதல் கேள்வி போதும். குகன்ஹைமுக்கு இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் டிக்கெட் வாங்காதீர்கள்.

சரி, விட்னி. பிடித்தது என்று கேட்டால் எனக்கு இதுதான். கெர்ட்ரூட் வாண்டர்பில்ட் விட்னி என்ற பணக்காரப் பெண்மணி, தானே சிற்பியும்கூட, அமெரிக்க ஓவியர்களிடம் வாங்கிச் சேர்த்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட படைப்புகளை மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குச் சும்மாவே தருகிறேன் என்றார். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். போங்கடா என்று அவரே ஒரு மியூசியம் தொடங்கிவிட்டார். 2015 முதல் அது ஹட்சன் ஆற்றோரம், ஹைலைன் பூங்கா தொடங்குகிற இடத்தில், ரென்சோ பியானோ கட்டிய கட்டடத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் இலவசம், முன்பதிவு செய்துவிட்டுப் போனோம். கூட்டம் உண்டு, ஆனால் சின்னப் பையன்கள், பெண்கள், கையில் நோட்டுப் புத்தகம், ஒரு திருவிழாக் களை.

அமெரிக்க ஓவியர் ஹாப்பரின் 'ஞாயிறு விடிகாலை' படம் அங்கேதான் இருக்கிறது, 1930-இல் வரைந்தது. இரண்டு மாடிச் செங்கல் கட்டடம், கீழே பூட்டிய கடைகள், ஒரு முடிதிருத்தும் கடைக் கம்பம், நீளமான நிழல், ஆளே இல்லை. அம்மா பார்த்துவிட்டு, "கடைத்தெரு இன்னும் திறக்கல" என்றார். நான் படித்துவைத்திருந்த விளக்கம் எதையும் வெளியே எடுக்கவில்லை. அப்புறம் மாடித் திறந்தவெளிக்குப் போய் ஆற்றுக் காற்றில் நின்றோம், குளிர் தாங்காமல் பத்து நிமிடத்தில் உள்ளே வந்துவிட்டோம்.

ஆனால் அம்மாவுக்கு நியூயார்க் என்றால் இன்றைக்கும் இது எதுவும் இல்லை. விட்னிக்குப் போவதற்கு முன் அன்று மதியம் சோஹோவில் சும்மா நடந்தோம். அங்கே ஊஸ்டர் தெருவில் ஒரு கட்டடத்தின் மாடியில் வால்டர் டி மரியா என்ற கலைஞரின் 'மண் அறை' இருக்கிறது, 1977-இல் இருந்து. படியேறிப் போனால் ஒரு பெரிய வெள்ளை அறை, அது முழுக்க 22 அங்குல உயரத்துக்கு மண், அவ்வளவுதான். உள்ளே கால் வைக்க முடியாது, போட்டோ எடுக்கக் கூடாது, காசு கிடையாது. நான் அம்மாவிடம் எதுவும் சொல்லாமல்தான் கூட்டிப் போனேன், திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். தடுப்புக் கண்ணாடிக்கு மேல் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஈரம் இருக்கே, யாரு தண்ணி விடுறாங்க?" என்றார். மேசையில் இருந்தவரிடம் கேட்டேன். தண்ணீர் தெளித்து, வாரியால் கிளறிச் சமப்படுத்துவது வழக்கமாக நடக்கிற வேலைதானாம். அம்மா அவரைப் பார்த்து, தொழில் தெரிந்தவரிடம் தலையாட்டுவது மாதிரித் தலையாட்டினார்.

ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது மாமாவிடம் சொன்னது அந்த மண்ணைப் பற்றி மட்டும்தான். எவ்வளவு மண் இருக்கும் என்று அவர் கேட்க, 2,80,000 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 127 டன் என்று நான் சொன்னேன். டிப்பருக்குப் பத்து டன் என்று வைத்தாலும் பதிமூன்று லோடு ஆச்சே என்று மாமா கணக்குப் போட்டார்.

"அதை மாடிக்கு எப்படி ஏத்தினாங்க?" என்றார் அம்மா.