பாரன் தீவு எரிகிறதா? செயற்கைக்கோள் படத்தில் பார்க்கும் முறை

அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில் இருக்கிறது பாரன் தீவு. குறுக்கே 3 கி.மீ.தான். ஆள் குடியிருப்பு இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் உறங்கிக் கிடந்து 1991-ல் விழித்த எரிமலை இது. இதைத் தொடர்ந்து கவனிக்க வானம்தான் வசதி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிக்கஸ் இணையதளத்தில் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். வடக்கு 12.28, கிழக்கு 93.86 என்று தேடுங்கள். முதல் வேலையாக மேக வடிகட்டியை (படத்தில் எத்தனை சதவீதம் வரை மேகம் இருக்கலாம் என்ற வரம்பை) தளர்த்திவிடுங்கள். அந்தச் சதவீதம் சுமார் 100 கி.மீ. சதுரப் பரப்பு முழுவதற்குமான கணக்கு. 80 சதவீதம் மேகம் என்று போட்டிருக்கும் நாளிலும் தீவு மட்டும் பளிச்சென்று தெரியலாம்.

இயல்பு வண்ணப் படத்தில் புகைதான் தெரியும், நெருப்பு அநேகமாகத் தெரியாது. ஆகவே சிவப்புக்கு 12, பச்சைக்கு 11, நீலத்துக்கு 8ஏ என்று பட்டைகளை (கருவி தனித்தனியாகப் பதியும் அலைநீளப் பிரிவுகளை) மாற்றுங்கள். 1000 டிகிரி செல்சியஸ் லாவாவின் வெப்பக் கதிர்வீச்சு 2.3 மைக்ரோமீட்டர் அருகே உச்சம் தொடும். 12-ஆம் பட்டை பார்ப்பது 2.2. நடுக்கூம்பின் வாயில் 20 மீட்டர் சதுரங்கள் சில மஞ்சளாகத் தெரிந்தால் அங்கே குழம்பு திறந்து கிடக்கிறது. மேலே ஓடு கட்டத் தொடங்கிய இடம் சிவப்பு. ஆறிய பாறை கறுப்பு. செடிகொடிகள் நீலமாகத் தெரிவதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

மெல்லிய புகையை இந்தப் பட்டைகள் ஊடுருவும். அடர்ந்த நீராவியை ஊடுருவாது. வாய்க்கு மேலே வெள்ளைக் குடை கவிந்த நாளில் சிவப்பு காணோம் என்றால், எரிமலை அடங்கிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

பகல் படத்தைவிட நான் அதிகம் நம்புவது நள்ளிரவுக்குப் பின் வரும் வியர்ஸ் (வேறு செயற்கைக்கோள்களில் உள்ள, வெப்பத்தை உணரும் கருவி) வெப்பப் புள்ளிகளை. வெயிலின் பிரதிபலிப்பு அப்போது இல்லை. நாசாவின் ஃபர்ம்ஸ் என்ற இணையத் தீ வரைபடத்தில் அவை சில மணி நேரத்திலேயே வந்துவிடும். ஆனால் ஒரு புள்ளி என்பது, செயற்கைக்கோளுக்கு நேர்கீழே, 375 மீட்டர் கட்டம். செயற்கைக்கோள் பார்க்கும் பரப்பின் ஓரத்தில் அது இரண்டு மடங்காக விரியும். வரைபடம் காட்டுவது அந்தக் கட்டத்தின் மையத்தை மட்டுமே. கரையை ஒட்டிய கடலில் புள்ளி விழுந்தால் கடலடியில் வெடிப்பு என்று பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் அது தீவில் உள்ள வெப்பம்தான்.