சாவி வாங்கிய தேதி

சேலம் கன்னங்குறிச்சியில் நாங்கள் வாங்கிய வீட்டின் சாவி 2022 மார்ச் மாதம் என் கைக்கு வந்தது. பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடி. எங்களுடையது மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். பால்கனியில் நின்றால் ஏற்காடு மலை தெரியும். அந்த மலைக்காகத்தான் வாங்கினோம் என்று என் கணவர் இன்றும் சொல்வார். 38 லட்சம் ரூபாய் என்றால் மலை கொஞ்சம் விலை கூடுதல்தான்.

சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் கட்டுநர் ஒரு தாளை நீட்டினார். வீட்டை முழுமையாகப் பார்வையிட்டுவிட்டேன், எல்லா வேலையும் திருப்தி, குறை ஏதுமில்லை என்று தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துப் போட்டால்தான் சாவி. பிள்ளைகளுக்கு விடைத்தாள் திருத்திய இருபது வருடப் பழக்கத்தில், கையெழுத்துக்குக் கீழே தேதியையும் நானே எழுதினேன். நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கோப்பில் செருகி வைத்தேன்; வாங்கும்போது வீம்புக்குத்தான் வாங்கினேன்.

அக்டோபர் மழையில் படுக்கையறைக் கூரையின் அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஓதம் தெரிந்தது. தீபாவளிக்குள் சுவரெல்லாம் உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம் போல எழும்பிவிட்டது. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடங்களில் ஸ்கேல் வைத்துக் கிழித்தாற்போல நேர்கோட்டு விரிசல்கள். தெரிந்த மேஸ்திரி ஒருவரை அழைத்துக் காட்டினேன். "கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கு ஒன்றுபோல விரியாது டீச்சரம்மா. சேருகிற இடத்தில் கம்பிவலை அடித்துத்தான் பூச வேண்டும். இங்கே வலையே இல்லை" என்றார்.

அதன் பிறகு எட்டு மாதம் தொலைபேசியிலேயே போனது. "நாளைக்கு ஆள் அனுப்புகிறேன் டீச்சர்" என்பார் கட்டுநர். ஒரே ஒரு முறை ஆள் வந்தார். விரிசலில் ஒயிட் சிமென்ட்டை அப்பிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். ஆசிரியர் ஓய்வறையில் நான் புலம்பியதைக் கேட்ட வரலாற்று ஆசிரியை, "பேசினீர்கள் சரி, பேசியதற்கு என்ன சாட்சி?" என்றார். எட்டு மாதத்தில் எழுத்தில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சட்டத்தைப் படிக்க உட்கார்ந்தேன். ரெரா என்று சுருக்கமாகச் சொல்லும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில் 14ஆவது பிரிவு எங்களுக்காகவே எழுதியது போல இருந்தது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ வேலைப்பாட்டுக் குறையோ தெரியவந்து, அதைக் கட்டுநருக்குத் தெரிவித்தால், முப்பது நாளுக்குள் அவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு தர வேண்டும். 2023 ஜூலையில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, படங்களோடு ஒப்புகை அட்டை இணைத்த பதிவுத் தபால் அனுப்பினேன். கட்டுநரின் அலுவலக முத்திரையோடு அட்டை திரும்பி வந்தது. முப்பது நாள் கழிந்தது. ஆள் வரவில்லை.

எங்கே போவது என்பதில்தான் வீட்டில் சண்டை. எட்டு வீடுகளைத் தாண்டிய திட்டம் என்பதால் எங்கள் அடுக்குமாடி சென்னையில் உள்ள ரெரா ஆணையத்தில் பதிவானது. அங்கேயே போகலாம் என்றார் கணவர். வீட்டை ஒப்படைக்கவே தாமதம் செய்திருந்தால் நானும் அங்கேதான் போயிருப்பேன். தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி உண்டு. கட்டுநர் கட்டாத தொகையை நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கவும் வழி இருக்கிறது. ஆனால் என் சங்கதி ஒழுகுகிற கூரை. அதை நேரில் வந்து பார்க்க ஆள் வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும். கேட்கும் இழப்பீட்டை வைத்தல்ல, கொடுத்த விலையை வைத்துத்தான் வழக்குக் கட்டணம் என்பது எனக்குப் புதுச் செய்தி. 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை ஆயிரம் ரூபாய். வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எனக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு மீதம் இருந்தது. 2023 நவம்பரில் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவைக் கொடுத்தேன்.

எதிர்த்தரப்பு பதிலுரை தர முப்பது நாள், கேட்டால் இன்னும் பதினைந்து நாள். அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020இலேயே சொல்லிவிட்டது. கட்டுநரின் வக்கீல் நாற்பத்தோராம் நாள் கொண்டுவந்தார். இரண்டே வாதங்கள். ஒன்று, திட்டம் ரெராவில் பதிவானது, ஆகவே இந்த ஆணையத்துக்கு அதிகாரமில்லை. அதே 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கும் பதில் சொல்லியிருந்தது: ரெரா இருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடாது. தீர்ப்பின் நகலை மனுவோடு முன்பே இணைத்திருந்தேன். இரண்டாவது வாதம், அந்தத் திருப்திக் கடிதம். அதை அவர் வாசித்தபோது எனக்கு முகம் சுட்டது.

இடையில் வந்த வாய்தாக்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, கட்டுநர் ஊரில் இல்லை. வாய்தா முடிந்து வரும்போதெல்லாம் தட்டுவடை செட் தின்றதில் இரண்டு கிலோ கூடிவிட்டேன்.

ஆய்வு செய்ய வழக்கறிஞர் ஆணையர் ஒருவரையும் கட்டடப் பொறியாளர் ஒருவரையும் நியமிக்கும்படி தனி மனு போட்டேன். செலவு என்னுடையது. செய்தவற்றிலேயே உருப்படியானது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அவர்கள் வந்த அன்று எல்லாரும் மொட்டை மாடியில் கூடினோம். பொறியாளர் அதிகம் பேசவில்லை. தண்ணீர் நிரப்பிய ரசமட்டக் குழாயை இரண்டு மூலைகளில் பிடித்துப் பார்த்தார். பிறகு நான்கு குடம் தண்ணீர் கேட்டு, தளத்தின் நடுவில் ஊற்றச் சொன்னார். தண்ணீர் மழைநீர்க் குழாய்ப் பக்கம் போக வேண்டும். அது சாவகாசமாகத் திரும்பி, மாடிப்படி அறைச் சுவரோரம் போய், எங்கள் படுக்கையறைக்கு நேர் மேலே குளம் கட்டி நின்றது. தளத்துக்கு வாட்டமே தலைகீழாக விட்டிருக்கிறார்கள். கட்டுநரின் வக்கீல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து, விரிசல் ஓரத்தில் பூச்சைக் கொத்திப் பார்த்தார்கள். வலை இல்லை.

உத்தரவு 2025 பிப்ரவரியில் வந்தது. திருப்திக் கடிதத்தைப் பற்றி அதில் ஒரு பத்தி இருந்தது. மார்ச் மாத வெயிலில் காய்ந்து கிடக்கும் தளத்தைப் பார்த்து ஒருவர் ஒழுகாது என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் வீட்டை ஒப்படைத்த நாளுக்கு எதிர்த்தரப்பே தந்த சான்று அது, ஐந்து ஆண்டுக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது அதன் சாரம். தேதி என் கையெழுத்தில் இருந்தது.

இரண்டு மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும், இல்லையேல் 1,40,000 ரூபாய் தர வேண்டும். மன உளைச்சலுக்கு 30,000, வழக்குச் செலவுக்கு 5,000. நான் கேட்டிருந்தது ஐந்து லட்சம். மழைக்காலத்தில் மூன்று மாதம் அம்மாப்பேட்டையில் நாத்தனார் வீட்டு மாடியில் குடியிருந்து வாடகை கொடுத்ததையும் கேட்டிருந்தேன். ரசீது இல்லை என்று தள்ளுபடி ஆனது. நாத்தனாரிடம் யார் ரசீது கேட்பது?

மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம் உண்டு. அதற்குச் செலுத்த வேண்டிய தொகையில் பாதியை முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டுநர் கணக்குப் போட்டிருப்பார் போலிருக்கிறது. ஏப்ரலில் மேஸ்திரியும் நான்கு ஆட்களும் வந்து, பழைய தட்டோட்டைப் பெயர்த்து, வாட்டத்தை மாற்றி, புதிதாகப் பதித்தார்கள். அறை விரிசல்களைக் கொத்தி வலை அடித்துப் பூசினார்கள். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்குமான பணம் இரண்டு தவணையில் வந்தது.

போன வாரம் இரண்டாம் மாடிக்காரர் வந்தார். அவர் வீட்டுக் குளியலறைச் சுவர் ஊறுகிறதாம். என் கோப்பு வேண்டும் என்றார். அவருடைய சாவிக் கடிதம் எங்கே என்று கேட்டேன். எங்கே வைத்தார் என்று நினைவில்லை. "உங்களுடையதையே ஒரு ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளலாமா டீச்சர்?" என்கிறார். அதில் என் வீட்டு எண் இருக்கிறதே என்றேன்.