கலிங்கு முடிகிற இடம்

வேலையில் சேர்ந்த முதல் வருடம், தருமபுரிப் பக்கம் ஓர் ஓடையில் மண் தடுப்பணை கட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கரை உயரம் 3 மீட்டர், நீளம் 40 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய அணைகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவனுக்கு இது விளையாட்டாகத் தெரிந்தது.

தண்ணீரைத் தேக்குவது இங்கே இரண்டாம்பட்சம். ஓடையின் அடி வருடா வருடம் ஆழமாகி, இரு பக்கமும் செம்மண் சரிந்து, ஒருவருடைய கேழ்வரகுக் கொல்லையில் பாதி உள்ளே போயிருந்தது. குறுக்கே ஒரு கரை நின்றால் வெள்ளத்தின் வேகம் அடங்கும், வண்டல் படியும், ஓடையின் அடி மேலே எழும்பும்.

சண்டையெல்லாம் மண்ணை இறுக்குவதில்தான். மேல்மண்ணையும் வேரையும் வழித்தெடுத்து, நடுவில் கெட்டித் தரை வரை தோண்டிக் களிமண்ணால் நிரப்பினோம். இல்லாவிட்டால் தண்ணீர் கரைக்கு அடியில் வழி பார்த்துக்கொள்ளும். அதற்கு மேலே 20 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, நனைத்து, ரோலர் ஓட்ட வேண்டும். ஒப்பந்தக்காரரோ இரண்டடிக்குக் கொட்டிவிட்டு, "ஒரு மழை பேஞ்சா தானா இறுகிடும் சார்" என்பார். இரண்டு முறை வாரிவிட்டுத் திரும்பப் பரப்ப வைத்தேன். ஈரம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ரோலர் டிரைவர். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. லேப் ரிசல்ட் வர நாலு நாள் ஆகும். கை உடனே சொல்லிவிடும்.

கரை உட்காரும் என்று 30 சென்டிமீட்டர் கூடுதலாக ஏற்றினோம். உள்சரிவில் கல், வெளிச்சரிவில் அருகம்புல். மண்கரை மேல் தண்ணீர் வழிந்தால் கரை போச்சு என்பதால், மிஞ்சிய தண்ணீர் வெளியேறப் பக்கவாட்டுக் கெட்டித் தரையில் வெட்டிய வழியான கலிங்கின் அகலத்தை மட்டும் மூன்று தடவை கணக்குப் போட்டேன்.

கலிங்கு முடிகிற இடத்துக்கு ஒரு கணக்கும் போடவில்லை. ஐப்பசி மழையில் கரை அசையவில்லை. பெருமையோடு போய்ப் பார்த்தால், கலிங்குத் தண்ணீர் திரும்ப ஓடையில் விழும் இடத்தில் ஆளுயரப் பள்ளம். வண்டலை மேலே இறக்கிவிட்டு வெறுங்கையோடு வந்த தண்ணீர் கீழே மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. பள்ளம் கலிங்கை நோக்கிப் பின்வாக்கில் ஏறி வந்தது.

"தண்ணிய ஏத்தி விட்டீங்க, இறக்கி விடலையே தம்பி" என்றார் கொல்லைக்காரர்.

எஸ்டிமேட்டில் இதற்குக் காசு கிடையாது. மிஞ்சிய கற்களைப் படிப்படியாக அடுக்கி, ஓரங்களில் வெட்டிவேர் நட்டு, தை மாதம் வரை பயந்துகொண்டே இருந்தேன். நல்லவேளை, அதன் பிறகு பெருமழை இல்லை.

மூன்றாம் வருடம் அணை முக்கால்வாசி தூர்ந்துவிட்டது. பார்வையிட வந்த அதிகாரி, தூர்வார ஏன் எழுதவில்லை என்று கடிந்துகொண்டார். தூர வேண்டும் என்றுதானே கட்டினோம் சார் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கொல்லைக்காரர் அந்த வண்டலில் கொள்ளு விதைத்திருந்ததை நான் காட்டவில்லை.