மைக்கும் நல்லாத்தான் இருக்கு, ரெக்கார்டரும் நல்லாத்தான் இருக்கு!

வெளி மைக் வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் பிளக்கில் எத்தனை கறுப்பு வளையம் இருக்கிறது என்று பாருங்கள். விலை, பிராண்டு, யூடியூப்பில் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அப்புறம். இந்த ஒரு விஷயத்தை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால், கோலாலம்பூர் நெரிசலில் இத்தனை சனிக்கிழமைகள் போயிருக்காது.

எங்கள் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து, பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களின் கதைகளைப் பதிவு செய்து வைக்கலாம் என்று கிளம்பினோம். தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டது. பால் மரம் சீவிப் பால் எடுத்தவர்கள் எல்லாம் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), கங்காணி, கிராணி (தோட்டத்துக் கணக்கர்), பால் ஸ்டோர் என்று ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்கள். என்னிடம் உள்ளங்கையில் அடங்கும் ரெக்கார்டர் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதன் தலையிலேயே இரண்டு மைக் உண்டு. திறந்த வெளியில் அருமையாகப் பிடிக்கும். ஆனால் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் மேசைமேல் வைத்தால் காற்றாடி, கீழே போகும் மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் முன்னால் வந்து நிற்கும். பாட்டியின் குரல் அடுப்படியிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். காற்றாடியை நிறுத்தலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "இந்த வெக்கையில நிறுத்தினா கதை வராதுய்யா, மயக்கம்தான் வரும்" என்றார் பாட்டி. நியாயம்தானே. அதனால் சேலையில் குத்தும் கிளிப் மைக் வாங்குவது என்று முடிவானது.

மைக் வாங்குவது சுலபம். புக்கிட் பிந்தாங் பக்கத்துப் பேரங்காடி ஒன்றில், கைப்பேசிச் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடையில் கிடைத்தது. வீட்டுக்கு வந்து செருகினால் சத்தமே இல்லை. ஹெட்போனில் லேசான இரைச்சல் மட்டும். திரையில் அளவுக் கோடு அசையவே இல்லை. திரும்பக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த தம்பி மைக்கைத் தன் கைப்பேசியில் செருகி, "ஹலோ ஹலோ" என்று பேசி, போட்டுக் காட்டினார். தெளிவாகக் கேட்டது. "மைக் நல்லாத்தான் இருக்குண்ணே, உங்க ரெக்கார்டர்தான் ரோசாக்", அதாவது கெட்டுப்போச்சு என்று சொல்லி, அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

சரி, ரெக்கார்டரைப் பழுது பார்க்கும் இடத்துக்குக் கொண்டு போனேன். ரசீது எழுதி, கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை. நானே போய்க் கேட்டபோது, "ரெக்கார்டர் நல்லாத்தான் இருக்கு, மைக்கைப் பாருங்க" என்று பதில். அதற்குச் சோதனைக் கட்டணம் வேறு. கையில் மைக்கை வைத்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு நிமிடம் செருகிப் பார்க்கக் கூடாதா என்றால், எங்களிடம் வாங்காத பொருளை நாங்கள் சோதிப்பதில்லை என்றார் அந்த அம்மையார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க மட்டும் யாருக்கும் மனம் இல்லை.

கோளாறு பிளக்கில் இருந்தது. கைப்பேசிக்கான மைக்கின் பிளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். அவை பிளக்கை நான்கு துண்டாகப் பிரிக்கின்றன. இதற்கு டிஆர்ஆர்எஸ் என்று பெயர். பேச்சும் பாட்டும் ஒரே ஓட்டை வழியாகப் போக வேண்டும் என்பதால், நுனியும் அதற்கு அடுத்த துண்டும் காதுக்கு, மூன்றாவது தரைக்கம்பி (மின்சாரம் திரும்பிப் போகும் பொது வழி), அடியில் இருக்கும் நான்காவது துண்டு மைக்குக்கு. ஹெட்போன் ஓட்டை உள்ள இப்போதைய கைப்பேசிகளில் பெரும்பாலும் இந்த வரிசைதான். ரெக்கார்டரின் 3.5 மில்லிமீட்டர் ஓட்டையோ இரண்டு வளையம், மூன்று துண்டு உள்ள டிஆர்எஸ் பிளக்குக்கானது. அது மைக் ஒலியை நுனியில் தேடும். அடித்துண்டைத் தரைக்கம்பி என்று நினைத்துக்கொள்ளும். நம் மைக் நுனியில் எதையும் அனுப்புவதில்லை. அப்புறம் எங்கிருந்து சத்தம் வரும்? இரண்டும் ஒரே பருமன், செருகினால் சரியாக உட்காரும், 'டக்' என்று சத்தம்கூட வரும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

இதற்கு விரல் நீள அடாப்டர் ஒன்று போதும். ஆனால் அதிலும் இரண்டு வகை, ஒன்றுக்கொன்று நேர் எதிர். கைப்பேசி மைக்கைக் கேமரா, ரெக்கார்டர் பக்கம் கொண்டு போவது ஒன்று. கேமரா மைக்கைக் கைப்பேசிப் பக்கம் கொண்டு போவது மற்றொன்று. ரோட் நிறுவனத்துப் பொருள்களில் எஸ்சி3 என்றால் முதல் வகை, எஸ்சி4 என்றால் இரண்டாவது. பெயரில்லாத மலிவு அடாப்டர்களும் வேலை செய்யும். ஆனால் உறையில் இரண்டுக்கும் ஒரே வாசகம்தான் இருக்கும். இன்னொரு கடையில், எது வேண்டும் என்று விளக்கியும் காட்டியும் கேட்டேன். "சாமா சாஜா, போஸ்", எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லி நீட்டினார்கள். சாமாவும் இல்லை, ஒன்றும் இல்லை. எதிர் வகை. உறையைப் பிரித்துவிட்டால் மாற்றித் தர மாட்டார்களாம். பிரிக்காமல் வளையத்தை எப்படி எண்ணுவது? அந்த அடாப்டர் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ரெக்கார்டருக்குள் போகும் முனையில் இரண்டு வளையம் மட்டுமே இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மூன்று இருந்தால் தொடாதீர்கள்.

சரியான அடாப்டர் கிடைத்த பிறகும் சத்தம் வரவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் போட்டிருப்பேன். ஒன்பதாவது மாடி, கீழே ஆள் நடமாட்டம், அதனால் விட்டேன். இந்த முறை குறை மின்சாரத்தில். இந்தச் சின்ன மைக்குகளுக்கு உயிர் கொடுக்க இரண்டு, மூன்று வோல்ட் மின்சாரம் தேவை. அதை ரெக்கார்டரே அந்த ஓட்டை வழியாகக் கொடுக்கும். பிளக்-இன் பவர் என்பார்கள். பல கருவிகளில் அதை மெனுவுக்குள் தேடிப் போய் நாம்தான் போட வேண்டும். சிலவற்றில் 'மைக் பவர்' என்று எழுதியிருக்கும், சிலவற்றில் பக்கவாட்டில் குட்டி சுவிட்ச் இருக்கும். போட்டதும் பாட்டியின் குரல் காதுக்குள் உட்கார்ந்து பேசியது. அந்தச் சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது, விடுங்கள்.

சொந்தமாகப் பேட்டரி வைத்திருக்கும் மைக்குக்கு இது தேவையில்லை. போயா பிஒய்-எம்1 கிளிப் மைக் நம் ஊரில் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். அதன் கம்பியில் ஒரு சிறு பெட்டி உண்டு, உள்ளே எல்ஆர்44 பொத்தான் பேட்டரி. கைப்பேசிக்கு ஒரு பக்கம், கேமராவுக்கு இன்னொரு பக்கம் என்று சுவிட்ச் இருக்கும். ரெக்கார்டருக்குக் கேமரா பக்கம் தள்ள வேண்டும். முடிந்ததும் திருப்பித் தள்ளாவிட்டால் அடுத்த முறை பேட்டரி செத்திருக்கும். பேட்டரி ஒரு பாக்கெட் வாங்கிப் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு சில பதிவுகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் முடிந்தன. அடுத்த சோதனை செந்தூலில் வந்தது. அங்கே ஒரு மண்டபத்தில் வயதான பெண்கள் சிலர் சேர்ந்து தோட்டத்துப் பாட்டுகள் பாடுவதாக ஏற்பாடு. ஒரு கும்பலுக்குக் கிளிப் மைக் சரிப்படாது என்று, நண்பர் மேடையில் பாடும் மைக்கைக் கொடுத்தார். அது எக்ஸ்எல்ஆர், மூன்று முள் உள்ள பெரிய முனை. என் ரெக்கார்டரில் 3.5 ஓட்டை மட்டும்தான். இணையத்தில் 'மைக் கம்பி, எக்ஸ்எல்ஆர் முதல் 3.5 ஸ்டீரியோ வரை' என்று பார்த்து ஒன்று வரவழைத்தேன். ஹெட்போனில் கேட்டபோது குரல் இருந்தது. ஏதோ தலைக்கு வெளியே நிற்பது போல ஒரு மாதிரி. மண்டபத்து எதிரொலி என்று நினைத்துப் பதிவை முடித்தேன். தாலாட்டு, கும்மி, நடுவில் ஒருவர் யாரும் கேட்காமலே ஒப்பாரி எடுத்தார். கிடைப்பதற்கரிய பதிவு. அன்றிரவு குடும்பக் குழுவில் ஒரு துண்டைப் போட்டேன். ஈப்போவில் இருக்கும் தங்கை, "அண்ணே, பாட்டு எங்க? உஸ்னு இரைச்சல்தான் கேக்குது" என்று பதில் போட்டாள். என் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் போட்டேன். பாட்டு இல்லை! ஹெட்போனை மாட்டினால் பாட்டு இருக்கிறது.

இதற்கும் காரணம் உண்டு. எக்ஸ்எல்ஆர் மைக் ஒரே குரலை இரண்டு கம்பிகளில் அனுப்பும். இரண்டாம் முள்ளில் நேராக, மூன்றாம் முள்ளில் தலைகீழாக. வாங்கிய கம்பியில் ஒன்றை நுனிக்கும் மற்றொன்றை நடு வளையத்துக்கும் கொடுத்திருந்தார்கள். ஆக இடது காதில் நேரான குரல், வலது காதில் தலைகீழ்க் குரல். ஒற்றை ஒலிபெருக்கியில் இரண்டும் சேரும்போது கூட்டிக் கழித்துப் பூஜ்யம். ரெக்கார்டரின் இரைச்சல் மட்டும் இரு பக்கமும் வேறு வேறாக இருப்பதால் அழியாமல் நிற்கும். தங்கைக்குக் கேட்டது அதுதான்.

பதிவு போகவில்லை என்பதுதான் நல்ல செய்தி. இதே நிலை யாருக்காவது வந்தால் பதறாதீர்கள். ஆடாசிட்டி இலவச மென்பொருள். அதில் கோப்பைத் திறந்து, ஸ்டீரியோ தடத்தை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றை அழித்துவிடுங்கள். மிஞ்சுவது முழுக் குரல். எனக்கு ஒப்பாரி உட்பட எல்லாம் திரும்பக் கிடைத்தது. கேட்டுக்கொண்டிருந்தபோது கை நடுக்கம் நிற்கவே கொஞ்ச நேரம் ஆனது.

கம்பியைச் சரிசெய்யப் புடுவில் இருக்கும் ஜாலான் பசாருக்குப் போனேன். உதிரிச் சாமான், பிளக், வயர் எல்லாம் கிடைக்கிற தெரு அது. கார் நிறுத்த இடம் தேடி அலையாமல் எல்ஆர்டி ரயில் பிடித்துப் போவது உத்தமம். மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பெரியவர், நான் சொல்லி முடிப்பதற்குள் பிளக்கைக் கழற்றிவிட்டார். இரண்டாம் முள்ளை நுனிக்கும் நடு வளையத்துக்கும் சேர்த்து, ஒன்றையும் மூன்றையும் அடித்துண்டுக்குச் சேர்த்து சோல்டர் செய்து, மீட்டரில் தொட்டுப் பார்த்து, மைக்கைத் தட்டிக் காட்டினார். இத்தனை கடை ஏறி இறங்கியதில் மைக்கையும் ரெக்கார்டரையும் சேர்த்துப் பார்த்த முதல் ஆள். அவர் வாங்கிய காசு ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய் சாப்பிடும் அளவுதான்.

அந்த மேடை மைக்குக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால் தப்பித்தேன். கண்டென்சர் வகை எக்ஸ்எல்ஆர் மைக்குகளுக்குப் பெரும்பாலும் 48 வோல்ட் பேன்டம் பவர், அதாவது மைக் கம்பி வழியாகவே கருவி அனுப்பும் மின்சாரம் வேண்டும், 3.5 ஓட்டை அதைத் தராது. அந்த மைக்தான் வேண்டும் என்றால் ஜூம் எச்5, டாஸ்கம் டிஆர்-40 போல எக்ஸ்எல்ஆர் வாய் உள்ள கருவிக்குப் போக வேண்டும், அல்லது தன் பேட்டரியில் ஓடும் மைக்காகப் பார்க்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, சின்னக் கிளிப் மைக்கை வெறும் அடாப்டரில் எக்ஸ்எல்ஆர் வாய்க்குள் செருகிவிட்டுப் பேன்டத்தைப் போட்டால் மைக்கின் கதை முடியலாம். 48 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ரோட் விஎக்ஸ்எல்ஆர் பிளஸ் போன்ற அடாப்டர் இதற்கென்றே இருக்கிறது. பெயரில் அந்த 'பிளஸ்' இல்லாதது வேறு பொருள், கவனம்.

பாட்டிகளைப் பதிவு செய்கிறவர்களுக்கு இன்னும் சில. தானியங்கி ஒலியளவை நிறுத்திவிடுங்கள். பாட்டி மூச்சு வாங்கும் நேரத்தில் அது காற்றாடியைத் தூக்கிக் கொடுக்கும். கையால் வைத்து, உரக்கப் பேசும்போது கோடு மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். தாலிச் சங்கிலிக்குப் பக்கத்தில் மைக் குத்தினால் கதை முழுக்கக் கிணுகிணுதான். தோள் பக்கம், முந்தானை உரசாத இடத்தில் குத்துங்கள். கம்பியை மருந்துக்கடை டேப்பால் ஒரு சுற்று ஒட்டினால் இழுத்தாலும் பிளக் அசையாது. செருகியதும் மைக் தலையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். ஹெட்போனில் கரகரவென்று கேட்டால்தான் வெளி மைக் வேலை செய்கிறது. திரையில் கோடு ஆடுவதை மட்டும் நம்பினால், உள்மைக்கின் கோட்டைப் பார்த்து ஏமாந்து போவீர்கள்.

வாங்கப் போகும்போது ரெக்கார்டரையும் ஹெட்போனையும் கையோடு கொண்டு போய், காசு கொடுப்பதற்கு முன் அங்கேயே செருகிப் பேசிப் பாருங்கள். பதிந்ததைக் கைப்பேசி ஒலிபெருக்கியிலும் ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். உறையைப் பிரிக்கக் கூடாது என்று முகத்தைச் சுளித்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். அதே மாடியில் அதே பொருளை விற்க இன்னும் பத்துக் கடை இருக்கும்.